டென்மார்க் ஓட்டு: உன் கட்சியும் என் கட்சியும்

அன்புள்ள சேகர்,

உன் இரண்டு கடிதத்துக்கும் சேர்த்து ஒரே பதில். வீட்டில் எல்லோரும் சுகம். சித்ரா கல்யாணத்துக்கு வராததற்கான திட்டை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தைப் பற்றி, "டென்மார்க்காரன் வேண்டாம்னு சொன்னான், சரின்னு சொல்ற வரைக்கும் விடாம ஓட்டுப் போட வெச்சாங்க" என்று எழுதியிருக்கிறாய். வாத்தியார் கேட்டால் காதைத் திருகுவார்.

நாட்டின் அதிகாரத்தை வெளி அமைப்புக்குக் கொடுக்க அவர்கள் அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவு நாடாளுமன்றத்தில் ஆறில் ஐந்து பங்கு கேட்கிறது. 179 பேரில் 150. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்குக் கிடைத்தது 130; எதிர்த்தது 25. அதனால்தான் மக்களிடம் போனது. மக்கள் அதைத் தள்ள, எதிர் ஓட்டு அதிகமாக இருந்தால் போதாது. மொத்த வாக்காளர்களில் 30 சதவீதத்தையும் தொட வேண்டும். 1992 ஜூன் 2-இல் 50.7 சதவீதம் 'வேண்டாம்', வாக்குப்பதிவு 83 சதவீதம். இரண்டு தடையையும் தாண்டியாயிற்று. சமூக ஜனநாயகக் கட்சித் தலைமை ஆதரித்தும் அந்தக் கட்சி வாக்காளர்களே பெரும்பாலும் எதிர்த்துக் குத்தினார்கள். அந்த மாதமே ஐரோப்பியக் கால்பந்துக் கோப்பை இறுதியில் ஜெர்மனியை 2-0 என்று அடித்தார்களே, அது தனிக் கொண்டாட்டம்.

ஒப்பந்தத்தில் ஒரு எழுத்தை மாற்றினாலும் மற்ற நாடுகள் திரும்ப ஒப்புதல் தர வேண்டும். அதனால் மூலத்தைத் தொடாமல், டிசம்பரில் எடின்பரோவில் நடந்த ஐரோப்பியத் தலைவர்கள் மாநாட்டில் டென்மார்க்குக்கு மட்டும் நான்கு விலக்கு வாங்கினார்கள்: பொது நாணயம், பாதுகாப்பு, நீதி-உள்துறை, ஒன்றியக் குடியுரிமை. மறுபடி ஓட்டுக்கு வந்தது இந்த விலக்குகளோடு சேர்த்துத்தான்.

இதற்குள் நம் ஆட்கள் எப்படி வந்தார்கள் என்று கேள். இலங்கைத் தமிழ் அகதிகள் தங்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ளச் சட்டப்படி உரிமை இருந்தது. டென்மார்க் நீதி அமைச்சர் நின்-ஹான்சன் 1987 முதல் அந்த மனுக்களைக் கிடப்பில் போட வைத்தார். ஆறாயிரம் பக்க விசாரணை அறிக்கை 1993 ஜனவரியில் வந்தது. எடின்பரோவிலிருந்து விலக்கோடு திரும்பிய பிரதமர் ஷ்லூட்டர் அந்த அறிக்கையால் அதே மாதம் பதவி விலகினார். அடுத்து வந்தவர் சமூக ஜனநாயகக் கட்சியின் நூருப் ராஸ்முசன். மே 18-இல் 56.7 சதவீதம் 'சரி'. சொந்தக் கட்சியே ஆளும்போது அந்த வாக்காளர்களுக்கு அரசுக்குக் குட்டு வைக்கும் ஆசை குறைந்திருக்கும் என்பது என் கணிப்பு.

உன் கோபத்துக்கும் அங்கே ஆள் உண்டு. அன்று இரவே கோபன்ஹேகனின் நொர்ரெப்ரோவில் கலவரம். போலீஸ் 113 முறை சுட்டது, 11 பேருக்குக் காயம். அதை நான் மழுப்பவில்லை.

ஆனால் 2000-இல் யூரோவுக்கு 53.2 சதவீதம் 'வேண்டாம்'. இன்றும் கையில் குரோனர்தான். 2015-இல் நீதித்துறை விலக்கைத் தளர்த்தக் கேட்டதற்கும் 'வேண்டாம்'. பாதுகாப்பு விலக்கு மட்டும் 2022-இல் போனது, உக்ரைன் போருக்குப் பிறகு. "விடாம" என்கிறாயே, யூரோவை ஏன் விட்டார்கள்? இதற்குப் பதில் எழுதிவிட்டு அப்புறம் என்னைத் திட்டு.

அன்புடன்,
முரளி