மரத்தடியில் கைதட்டியவர்களுக்கு

அன்பான புகைப்பட நண்பர்களுக்கு,

திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளத்திலிருந்து வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேனில் வந்த ஆறு பேருக்கும், அவர்களைப் போலவே சீசன் தொடங்கியதும் முழங்கை நீள லென்ஸோடு வந்து போகும் மற்ற எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 1994-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2022-இல் ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்த்ததாக அறிவித்தது எல்லாம் எங்களைவிட உங்களுக்குத்தான் தேதி வாரியாகத் தெரிகிறது. வேனை விட்டு இறங்கும்போதே உங்களில் ஒருவர் மற்றவர்களுக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தார். வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருவதையும் 7000 மீட்டர் உயரத்தில் பறப்பதையும் அவர் சொல்ல, துணி உலர்த்திக்கொண்டிருந்த நானும் நின்று கேட்டேன். அவ்வளவும் படித்தவர், கூட்டில் குஞ்சு இருக்கிற நாரையை உச்சி வெயிலில் எழுப்பக் கூடாது என்கிற பக்கத்தை மட்டும் எப்படித் தவறவிட்டார் என்பதுதான் புரியவில்லை.

மணி பன்னிரண்டரை இருக்கும். பங்குனி வெயில். எங்கள் வீட்டுப் பின்வாசல் வேப்பமரத்தில் மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு வைத்திருக்கின்றன. அந்த நேரத்தில் தாயோ தகப்பனோ ஒன்று கூட்டின் மேல் இறக்கையை விரித்து நின்றபடியே இருக்கும். பார்க்கிறவர்களுக்குச் சும்மா நிற்பது போலத் தோன்றும். அந்த இறக்கை நிழலில்தான் குஞ்சுகள் கிடக்கும். வெயில் சாயச் சாய அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டே போகும். வாயைத் திறந்தபடி, தொண்டை படபடவென்று அடிக்க, அசையாமல் நிற்கும். ஒரு நாளைக்கு அதைப் பாருங்கள். உங்கள் படம் அதுதான் என்று நான் சொல்வேன், ஆனால் எனக்குப் படம் எடுக்கத் தெரியாது.

உங்களுக்கு வேண்டியது கூட்டமாகப் பறக்கிற படம். முதலில் ஒருவர் கைதட்டினார். ஒன்றும் அசையவில்லை. எங்கள் குக்கர் விசிலுக்கும் கோயில் மைக்குக்கும் பழகிய பறவைகள், உங்கள் கைதட்டலுக்கா எழும்பும்? பிறகு ஒரு கல் போனது. அதற்கும் இரண்டு மூன்றுதான் எழும்பின. அப்புறம் அந்தச் சின்ன ஹெலிகாப்டரை, டிரோன் என்கிறீர்களே, அதை மரத்துக்கு நேர் மேலே இறக்கினீர்கள். மரமே எழுந்து போனது போல எல்லாம் ஒரே நேரத்தில் பறந்தன. உங்களுக்குப் படம் கிடைத்தது. அந்த நிமிடத்துக்காகவே கிளையில் காத்திருந்த காக்கைகளுக்கும் கிடைத்தது.

நீங்கள் மேலேயே பார்த்துக்கொண்டிருந்ததால் கீழே விழுந்ததைக் கவனித்திருக்க மாட்டீர்கள். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு குஞ்சு விழுந்தது. இறகு இன்னும் முளைக்கவில்லை, வெள்ளைப் பஞ்சு ஒட்டிய உடம்பு. விழுந்த பயத்தில் தின்றதையெல்லாம் கக்கியது. அரைகுறையாய்ச் செரித்த நான்கு பொடி மீன். அதில் ஒன்றின் கண் அப்படியே இருந்தது. எவ்வளவு தூரம் போய்ப் பிடித்து வந்த மீனோ. என் மகள் முறத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். கழுத்து நிற்கவில்லை. அந்தச் சமயத்தில் உங்களில் ஒருவர் வந்தார். உதவத்தான் வருகிறார் என்று நினைத்தேன். "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோங்க, நிழல் விழுது" என்றார்.

தள்ளிக்கொண்டேன் ஐயா. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் மேலேயே கோபம் வருகிறது.

குஞ்சு சாயங்காலம் வரைகூடத் தாங்கவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். பறவைகளைப் பறக்க வைக்காதீர்கள். கைதட்டாதீர்கள், கல் எறியாதீர்கள், அந்த யந்திரத்தைக் கூட்டின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

இந்தப் பறவைகளோடு குடித்தனம் நடத்துவது லேசு என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் இரண்டு மணி நேரம் மூக்கில் கைக்குட்டை வைத்துக்கொண்டு நிற்கிறீர்கள். நாங்கள் மார்கழியிலிருந்து ஆனி வரைக்கும் அந்த மீன் கவிச்சியில்தான் சோறு தின்கிறோம். மரத்தடியில் துணி காயப்போட முடியாது. ஓடெல்லாம் சுண்ணாம்பு அடித்தாற்போல வெளுத்துக் கிடக்கும். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தில் உட்கார்ந்த கதையை இங்கே எழுதினால் மடல் நீண்டுவிடும். ஆனாலும் எங்கள் ஆச்சி காலத்திலிருந்து ஒரு கூட்டை யாரும் கலைத்ததில்லை. பறவை வந்தால் மழை, பறவை வராத வருஷம் ஊருக்கு ஆகாது என்பது ஆச்சியின் கணக்கு. எச்சம் விழுந்த குளத்து வண்டல் வயலுக்கு உரம் என்பது எங்கள் அப்பாவின் கணக்கு. சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடியே போடுவதில்லை. அங்கே பிள்ளைகள் மத்தாப்போடு சமாதானமாகிவிடுகிறார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் புரிகிறது. லட்ச ரூபாய்க் கேமரா வைத்திருப்பவருக்குத்தான் டிரோன் விட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

போன மாதம் கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க ஒரு ஜோடி வந்தது. குளக்கரையில் கலர் புகைக்குண்டு கொளுத்தினார்கள். நாரை எல்லாம் ஓடின, மணப்பெண்ணுக்கு இருமல் வந்தது. போகிற போக்கில் இரண்டு தண்ணீர் பாட்டிலையும் சிப்ஸ் பாக்கெட்டையும் சீர்வரிசையாக விட்டுப் போனார்கள். குற்றம் உங்கள் மேல் மட்டும் என்று சொன்னால் அது நியாயமில்லை. நூறு ரூபாய் கொடுத்தால் மரத்தடிக்கே கூட்டிப் போகிற ஆள் எங்கள் பக்கத்திலும் உண்டு. அவரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம், அது தனிக் கச்சேரி.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. விருந்தாளியை வாசலோடு அனுப்புகிற பழக்கம் இந்தப் பக்கம் கிடையாது. வாருங்கள். விடிகிற நேரத்துக்கு வாருங்கள், இல்லையென்றால் வெயில் தாழ்ந்து வாருங்கள். அஞ்சு மணிக்கு மேல் குளத்துக்கரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் போதும். கூழைக்கடாக்கள் இறக்கையை அசைக்காமல் மிதந்தபடி உங்கள் தலைக்கு மேலேயே வந்து இறங்கும். நத்தைகுத்தி வரும், அரிவாள் மூக்கன் வரிசையாக வரும். இத்தனையும் அவை தாமாகப் பறப்பவை. காத்திருக்க மட்டும் வேண்டும். பறவைகளைப் பறக்க வைக்காதீர்கள் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன், தயவுசெய்து.

அந்தக் கூட்டில் இன்னொரு குஞ்சு மிச்சம் இருக்கிறது. இப்போதுதான் எழுந்து நிற்கப் பழகுகிறது. காக்கைக்குத் தப்பினால் சித்திரையில் பறக்கும்.

இப்படிக்கு,
வேப்பமரத்து வீட்டுக்காரி

பின்குறிப்பு: உங்களில் யாரோ லென்ஸ் மூடியைத் துவைக்கிற கல் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். எங்கள் வீட்டு ஜன்னலில் பத்திரமாக இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளலாம். மத்தியானம் மட்டும் வேண்டாம்.