செந்தோசாவில் நிலைத்து நிற்பவை கோட்டைகளே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரின் சுற்றுலாத் தீவான செந்தோசாவும் அதன் அண்டைத் தீவான பிரானியும் அடுத்த இருபது முப்பது ஆண்டுகளில் படிப்படியாக மாற்றியமைக்கப்படும் என்று 2019ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. பிரானியில் உள்ள கொள்கலன் முனையம் சிங்கப்பூரின் மேற்கிலுள்ள துவாஸுக்கு இடம்பெயர்ந்த பின் அந்நிலமும் இத்திட்டத்தில் சேரும். இத்தகைய அறிவிப்புகள் வரும்போதெல்லாம் புதிதாக என்னென்ன கட்டப்படும் என்பதே பேச்சாகிவிடுகிறது. ஏற்கெனவே அங்கு இருப்பவற்றுக்கு என்ன இடம் தரப்போகிறோம் என்ற கேள்வியும் எழ வேண்டும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

செந்தோசா மேம்பாட்டுக் கழகம் 1972இல் அமைந்தது முதல் இன்றுவரை அத்தீவில் திறக்கப்பட்டு, கொண்டாடப்பட்டு, பின்னர் மூடப்பட்டவற்றை எண்ணிப் பார்த்தால் ஒன்று விளங்கும். 1982இல் வந்த இசை நீரூற்று 2007இல் நின்றுபோனது. அதே ஆண்டு ஓடத் தொடங்கிய மோனோரயில் 2005இல் ஓய்ந்தது. 1991இல் திறக்கப்பட்ட அண்டர்வாட்டர் வோர்ல்டு மீன்காட்சியகம் 2016இல் மூடப்பட்டது. சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட 37 மீட்டர் உயர மெர்லயன் சிலை 2019இல் வருகையாளர்களுக்கு மூடப்பட்டுப் பிறகு இடிக்கப்பட்டது. அது நின்ற பகுதியின் வழியே 350 மீட்டர் நீளத்துக்கு அமைந்த சென்சரிஸ்கேப் நடைபாதை 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. ரிசார்ட்ஸ் வோர்ல்டு உல்லாச வளாகத்தில் 2012இல் தொடங்கிய மீன்காட்சியகமும் விரிவாக்கம் பெற்று, 2025இல் வேறு பெயருடன் மறுபடி வந்துள்ளது. இவற்றை மூடியது தவறு என்று நான் வாதிடவில்லை. கேளிக்கைக்கென்று கட்டப்படும் எதுவும் இருபத்தைந்து ஆண்டுகள் தாக்குப்பிடித்தாலே பெரிது. அடுத்த தலைமுறைப் பிள்ளைகளுக்கு அதில் வியப்பு இருப்பதில்லை. ஆனால், இத்தனை வரவுக்கும் மறைவுக்கும் நடுவே தீவின் மேற்கு முனையில் சிலோசோ கோட்டை மட்டும் 1880கள் தொடங்கி அதே குன்றின்மீது இருந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்க்க நுழைவுக் கட்டணமும் இல்லை.

சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டதும் சிங்கப்பூருக்கு வரும் நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றுக்குரிய நிலக்கரிக் கிடங்குகள் இருந்த துறைமுகத்தை, இன்று நாம் கெப்பல் துறைமுகம் என்று அழைக்கும் அந்த நீர்வழியை, எதிரிக் கப்பல்களிடமிருந்து காப்பது பிரிட்டிஷ் அரசுக்குப் பெருங்கவலையாயிற்று. அத்துறைமுகத்துக்கு எதிரே, தலைநிலத்திலிருந்து ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில் கிடந்த பூலாவ் பிளாக்காங் மாத்தி (செந்தோசாவின் பழைய பெயர் இதுதான்) அதற்கு இயல்பான அரணாக அமைந்தது. சிலோசோ குன்றின் உச்சியை வெடிவைத்துத் தகர்த்துச் சமன்படுத்திப் பீரங்கிகளை நிறுத்தினார்கள். மேற்கு வாயிலுக்குச் சிலோசோ, கிழக்குப் பக்கத்துக்குச் செராபோங்கும் கனாட்டும், நடுவே இம்பியா குன்றின் பீரங்கித் தளம் என இன்றும் ஐந்து சதுர கிலோமீட்டர் அளவேயான அத்தீவு முழுவதும் ஒரே கோட்டையாக மாறியது. இன்று செந்தோசாவுக்குப் போகும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? சிலோசோ என்றால் கடற்கரை, இம்பியா என்றால் ரயில் நிலையம், செராபோங் என்றால் கோல்ஃப் திடல் என்றுதான் அப்பெயர்கள் நம் நாவில் பழகியிருக்கின்றன.

சிங்கப்பூரின் பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றன, நிலத்தின் பக்கம் அவற்றைத் திருப்பவே முடியவில்லை, அதனால்தான் 1942இல் நகரம் ஜப்பானியரிடம் வீழ்ந்தது என்ற கதையைப் பள்ளி மாணவர்கள் இன்றும் சொல்லக் கேட்கிறோம். சிலோசோவின் சுரங்கவழிகளையும் வெடிமருந்து அறைகளையும் பொறுமையாகச் சுற்றிப் பார்த்து, அங்குள்ள விளக்கங்களைப் படிக்கும் ஒருவர் அதை எளிதில் நம்பமாட்டார். இத்தீவின் பீரங்கிகள் உட்பட, பல பீரங்கிகள் நிலத்தை நோக்கித் திருப்பப்பட்டுச் சுடவும் செய்தன. ஆனால், கைவசம் இருந்த குண்டுகளில் பெரும்பாலானவை போர்க்கப்பல்களின் இரும்புக் கவசத்தைத் துளைப்பதற்காகச் செய்யப்பட்டவை. பரந்து முன்னேறும் காலாட்படைக்கு எதிராக அவற்றால் பெரும்பயன் விளையவில்லை. ஒரு நாட்டின் தோல்வியைப் பற்றிய தவறான கதையை, அத்தோல்வி நிகழ்ந்த நிலத்திலேயே நின்று திருத்திக்கொள்ளும் வாய்ப்பை வேறு எந்த உல்லாசத் தலம் தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

நகரம் வீழ்ந்த அதே 1942 பிப்ரவரியில் நடந்த மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஜப்பானியர் நடத்திய சூக் சிங் படுகொலையில் சீனர்கள் பலர் தஞ்சோங் பகார் துறையிலிருந்து படகுகளில் கொண்டுசெல்லப்பட்டு, இத்தீவை ஒட்டிய கடலில் சுட்டுக் கொல்லப்பட்டனர். கரையொதுங்கிய ஏறத்தாழ 300 உடல்களை, சரணடைந்து சிறைப்பட்டிருந்த பிரிட்டிஷ் பீரங்கிப் படையினர் புதைத்தனர். அந்தக் கரை இன்றைய கோல்ஃப் திடலை ஒட்டியது. விளையாட்டும் கேளிக்கையும் அங்கு இருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். உயிர் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் சிரித்து விளையாடுவதில் குற்றமில்லை. எனினும், தீவு வரைபடத்தில் நீர்ச்சறுக்கு எங்கே, ஐஸ்கிரீம் எங்கே என்று காட்டும் அதே அளவு எழுத்தில் இக்கரையும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

போருக்குப் பிந்திய வரலாறும் சுவை குன்றாதது. கூர்க்காப் படையினர் தங்கியிருந்த தீவை பிரிட்டிஷார் 1967இல் ஒப்படைத்த பிறகு, அங்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை அமைக்கும் யோசனைகூட எழுந்தது. நகரத் திட்டமிடுநரான ஆலன் சோ போன்றவர்கள் அதை எதிர்த்திராவிட்டால் இன்று நாம் பலாவான் கடற்கரையில் கால் நனைத்திருக்க முடியாது. (அக்கடற்கரையின் தொங்குபாலத்துக்கு அப்பால் ஆசியக் கண்டத்தின் தென்கோடி என்று ஒரு பலகை இருக்கிறது, பாலங்களின் தயவால் ஒரு தீவு கண்டத்தோடு சேர்ந்துகொண்ட கணக்கு அது. பிள்ளைகளிடம் புவியியல் பேச அதைவிட நல்ல இடம் கிடைக்காது.) மலாய், பூகிஸ், சீனக் குடும்பங்கள் வாழ்ந்த கம்பங்கள் (கிராமங்கள்) சுற்றுலாத் தீவுக்காக இடம்பெயர்ந்தன. 1974இல் தலைநிலத்திலுள்ள ஃபேபர் மலையிலிருந்து தொடங்கிய கேபிள் கார் சேவை, 1983 ஜனவரி 29ஆம் தேதி எண்ணெய்த் துரப்பணக் கப்பலொன்று கம்பிவடத்தில் மோதியதால் ஏழு உயிர்களைப் பலிகொண்டது. நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து, 1966இல் விசாரணையின்றித் தடுத்துவைக்கப்பட்ட சியா தை போ 1989 முதல் 1992 வரை இதே தீவில்தான் வாழ வைக்கப்பட்டார். உல்லாசப் பயணிகள் பகலில் வந்து போய்க்கொண்டிருந்த இடம் ஒருவருக்கு விரும்பியபடி வெளியேற முடியாத இடமாகவும் இருந்தது. 2018 ஜூன் 12ஆம் தேதி அமெரிக்க அதிபரும் வடகொரியத் தலைவரும் சந்தித்த கப்பெல்லா ஹோட்டல்கூட, 1880களில் பிரிட்டிஷ் பீரங்கிப் படை அதிகாரிகளுக்காகக் கட்டப்பட்ட கட்டடங்களைத் தன்னுள் கொண்டதே. பழைய கட்டடத்தைப் பேணியபடியே வணிகம் நடத்த முடியும் என்பதற்குத் தீவுக்குள்ளேயே சான்று இருக்கிறது.

சிலோசோ கோட்டை 2022 பிப்ரவரியில், சிங்கப்பூர் வீழ்ந்ததன் எண்பதாம் ஆண்டு நினைவையொட்டித் தேசிய நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது மகிழ்ச்சி தரும் செய்தி. பதினொரு மாடி உயரத்தில் மரக்கூட்டத்தின் மேலே நடந்து கோட்டையை அடைய 2015இல் திறக்கப்பட்ட 181 மீட்டர் நீள வான்பாதையும் பாராட்டுக்குரியது. மின்தூக்கி இருப்பதால் முதியவர்களும் சக்கர நாற்காலியில் வருவோரும் சிரமமின்றி ஏறலாம். ஆனால், ஒரு கோட்டையை மட்டும் துலக்கி வைத்துவிட்டு மற்றவற்றை விட்டுவிடுவது முழு வரலாற்றைச் சொன்னதாகாது. கனாட் கோட்டையின் பெரும்பகுதி ஏற்கெனவே போய்விட்டது. காடு மண்டிக் கிடக்கும் செராபோங்கில் இடிபாடுகளேனும் எஞ்சியுள்ளன. புதிய திட்டத்தில் செராபோங்கைப் பாதுகாப்பான முறையில் சீர்செய்து, இம்பியா வழியாகச் சிலோசோவரை ஒரே நடைபாதையால் இணைக்க வேண்டும். தீவு முழுவதும் கோட்டையாக இருந்ததை அந்தப் பாதையில் நடந்தே ஒருவர் உணர்ந்துகொள்ள முடியும். செயற்கை ஒளியும் ஒலியும் சேர்த்து அதையும் கேளிக்கைக்கூடமாக்கிவிடக் கூடாது. நல்ல பலகைகளும் நிழலும் குடிநீரும் போதும்.

அப்பலகைகளில் நான்கு அதிகாரத்துவ மொழிகளும் இடம்பெற வேண்டும். தமிழ் வாசகன் என்பதால் மட்டும் இதைக் கேட்கவில்லை. 1942இல் சிங்கப்பூரைக் காத்து நின்ற படைகளில் ஹாங்காங் - சிங்கப்பூர் அரசப் பீரங்கிப் படையின் வீரர்கள் பெரும்பாலும் இந்தியாவிலிருந்து திரட்டப்பட்டவர்கள். பீரங்கியின் பின்னால் நின்றவர்கள் யார் என்பதும் பீரங்கியின் வரலாற்றில் சேர்த்தியே.

பிரானி குறித்து ஒரு வேண்டுகோள். 1890இல் நிறுவப்பட்ட வெள்ளீய உருக்காலை அத்தீவுக்கு ஒரு காலத்தில் புகழ் தந்தது. ஆலையைச் சுற்றி மக்கள் வாழ்ந்தனர். அவர்களும் பிளாக்காங் மாத்தியின் கம்பத்து மக்களும் இன்று முதியவர்கள். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979 முதல் இத்தகைய நினைவுகளைப் பதிவுசெய்து வருகிறது. கட்டுமானம் தொடங்குமுன் இவ்விரு தீவுகளில் வாழ்ந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களுடைய நினைவுகளை முறையாகப் பதிவுசெய்யவும், அவற்றை அந்தந்த இடத்திலேயே வருகையாளர்கள் கேட்கும்படி செய்யவும் செந்தோசா மேம்பாட்டுக் கழகமும் தேசிய மரபுடைமைக் கழகமும் இப்போதே திட்டமிட வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சிங்கப்பூர்