டைம்ஷேர் விற்க ஆள் ரெடி, பணம் மட்டும் நீங்கள் கட்டுங்கள்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிபி மோசடி, டிஜிட்டல் கைது பற்றியெல்லாம் தங்கள் நாளிதழில் அடிக்கடி எச்சரிக்கை வருகிறது. விடுமுறை விடுதிகளில் ஆண்டுதோறும் தங்கும் டைம்ஷேர் உறுப்பினர் உரிமையை விற்றுத் தருவதாகச் சொல்லி முன்பணம் கறக்கும் மோசடி அந்த அளவுக்கு வெளியே வருவதில்லை. ஏமாந்தவர்களில் பலர் ஓய்வு பெற்றவர்கள். 'அதை வாங்கினதே தண்டம்' என்று வீட்டில் ஏற்கெனவே பேச்சு வாங்கியவர்கள். விற்கப்போய் இன்னும் ஒன்றரை லட்சம் போனது என்று யாரிடம் சொல்வார்கள்?

டைம்ஷேர் நம் ஊருக்குப் புதிதல்ல. 1986-இல் ஸ்டெர்லிங் விடுதி நிறுவனம் சென்னையில்தான் தொடங்கியது. 1996-இல் மஹிந்திரா ஹாலிடேஸ் வந்தது. கொடைக்கானல், ஊட்டி, மூணாறு என்று ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை நடுத்தரக் குடும்பங்கள் தவணையில் வாங்கின. அன்று நாற்பது வயதில் கையெழுத்துப் போட்டவருக்கு இன்று அறுபத்தைந்து, எழுபது. பிள்ளைகள் வெளிநாட்டில். முட்டிவலியோடு மலையேற ஆளில்லை. ஆனால் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணத்துக்கான பில் மட்டும், போனாலும் போகாவிட்டாலும், தவறாமல் வந்துவிடுகிறது. 'யாராவது வாங்கிக்கொண்டால் போதும்' என்ற அந்த மனநிலைதான் மோசடிக்காரர்களின் முதலீடு.

அழைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "சார், உங்க மெம்பர்ஷிப் நம்பர் இதுதானே? ரெட் சீசன், ஒன் பெட்ரூம், கரெக்டா? மும்பைல ஒரு கார்ப்பரேட் கம்பெனி ஸ்டாஃபுக்காக மொத்தமா எடுக்கிறாங்க. உங்களுக்கு ஆறு லட்சம் ஃபிக்ஸ் பண்ணியிருக்கு. இந்த வாரமே முடிச்சிடலாம் சார்." உறுப்பினர் எண்ணையும், தங்கும் பருவத்தைக் குறிக்கும் சீசனையும் சரியாகச் சொல்கிறாரே, விடுதி நிறுவனத்தின் ஆள்தான் போலிருக்கிறது என்று அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிடும். இதுபோன்ற பட்டியல்கள் கைமாறி விலைக்குக் கிடைக்கும் காலம் இது. உங்கள் விவரம் ஒருவருக்குத் தெரிந்திருப்பது அவர் யோக்கியர் என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

அவர் சொன்ன விலையைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 ஆண்டு உரிமையை 3 லட்சம் கொடுத்து வாங்கி 14 ஆண்டு ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 வீதம், மிச்சமுள்ள 11 ஆண்டுக்கு 1,32,000 ரூபாய். இதுவே தாராளக் கணக்கு. வாங்குகிறவர் அந்த 11 ஆண்டுக்கும் பராமரிப்புக் கட்டணத்தைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். சந்தையில் விற்கக் காத்திருப்பவர்களே அதிகம். இதில் பாதி கிடைத்தால்கூட நல்ல விலைதான். அப்படியிருக்க ஒப்பந்தத்தைக்கூடப் பார்க்காமல் ஆறு லட்சம் தருகிறேன் என்பவர் உங்கள் உரிமையை வாங்க வரவில்லை. விலையே முதல் சாட்சி.

அடுத்து கட்டணப் படிக்கட்டு. முதல் படி சின்னது: ஃபைல் சார்ஜ் 6,500, 'ஃபுல்லா ரீஃபண்ட் சார்'. யார் பணம் கட்டுகிற ஆள் என்று பிரித்தெடுக்கும் சல்லடை இது. கட்டியவுடன் முத்திரை, கையெழுத்து சகிதம் ஓர் ஒப்பந்தம் வாட்ஸ்அப்பில் வரும். பிறகு என்ஓசி (தடையில்லாச் சான்று) கட்டணம் 22,000. பிறகு ஆறு லட்சத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி, 1,08,000. பிறகு உங்கள் பெயர் எழுதிய ஆறு லட்ச ரூபாய் டிமாண்ட் டிராஃப்டின் போட்டோ. டிடிஎஸ் (மூலத்திலேயே பிடிக்கும் வரி) கட்டினால் கூரியரில் அனுப்பிவிடுவார்களாம். கிணறு பாதி வெட்டியவருக்கு நிறுத்த மனம் வராது. 1,36,500 போன பிறகு, 'இன்னும் நாற்பதாயிரம்தானே' என்று தோன்றும். ஒவ்வொரு படியிலும் அவர்கள் நம்பியிருப்பது இந்தக் கணக்கைத்தான்.

இந்தக் கட்டணங்களின் பெயர்கள் எல்லாம் நிஜமானவை. அதனால்தான் படித்தவர்களும் விழுகிறார்கள். ஒவ்வொன்றும் உண்மையில் யார், யாருக்கு, எப்போது கட்டுவது என்பதுதான் விஷயம்.

என்ஓசி தருவதானால் விடுதி நிறுவனம் தர வேண்டும், அதுவும் உறுப்பினரே கையெழுத்திட்டு விண்ணப்பித்தால். கட்டணம் உண்டென்றால் அது நிறுவனத்தின் கணக்குக்கு நேரே போகும், நிறுவனத்தின் ரசீது வரும். இடையில் இன்னொருவர் வசூலிக்க வேலையில்லை.

ஜிஎஸ்டி விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். வியாபாரம் எதுவும் செய்யாத தனிநபர் தன் சொந்த உறுப்பினர் உரிமையை விற்பதற்கு ஜிஎஸ்டி பதிவும் கிடையாது, விற்ற விலையில் 18 சதவீதத்தை முன்கூட்டியே யாரிடமும் கட்டுவதும் கிடையாது. பெயர் மாற்றத்துக்கு விடுதி நிறுவனம் வாங்கும் கட்டணத்தின்மீது வரி உண்டு. அந்தக் கட்டணம் 10,000 என்றால் வரி 1,800. மோசடிக்காரர் இந்த உண்மையை எடுத்து ஆறு லட்சத்தின் மேல் ஒட்டிவிடுகிறார். 'ஜிஎஸ்டி கட்டுங்க, அப்புறம் திரும்பி வந்துடும்' என்பது அதைவிட வேடிக்கை. விற்பவருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக முன்கூட்டி வசூலிக்கும் ஜிஎஸ்டி என்று ஒன்று இல்லை.

டிடிஎஸ் என்றாலே பணம் கொடுப்பவர் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பது. பிடித்த தொகை உங்கள் பான் எண்ணில் வரவாகி வருமான வரித் தளத்தில் தெரியும். பணம் வாங்கப்போகிறவர் கையிலிருந்து டிடிஎஸ் கட்டச் சொல்வது, சம்பளம் தருவதற்கு முன் பிஎஃப் பிடித்தத்தை ஊழியரிடம் ரொக்கமாகக் கேட்பது மாதிரி.

பதிவுக் கட்டணம் என்பார்கள். உங்களிடம் இருப்பது தங்கும் உரிமை தரும் ஒப்பந்தம் மட்டுமே என்றால் சார்பதிவாளர் அலுவலகத்துக்கே வேலையில்லை. பத்திரம் பதிந்த சொத்து என்றால் சொத்து இருக்கும் பகுதிக்கான அலுவலகத்தில் பதிய வேண்டும், முத்திரைத்தாள் செலவு வழக்கமாக வாங்குபவருடையது.

ஆகவே எந்தக் கட்டணம் கேட்டாலும் ஒரே பதில் போதும்: "விற்பனைத் தொகையில் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புங்கள்." ஆறு லட்சம் உண்மையிலேயே கையில் வைத்திருப்பவருக்கு இதில் ஒரு கஷ்டமும் இல்லை. நேர்மையான தரகர் இப்படித்தான் கமிஷன் எடுப்பார். மோசடிக்காரரோ 'கம்பெனி பாலிசி', 'ஆடிட் அப்ஜெக்ஷன்' என்று ஆரம்பிப்பார். விளம்பரம் போடுவதற்காகச் சிறு கட்டணம் வாங்கும் தளங்கள் இருக்கலாம். அது வேறு. அவர்கள் விளம்பரத்துக்குத்தான் காசு வாங்குகிறார்கள், ஆள் தயாராக நிற்கிறார் என்று சொல்வதில்லை.

தாள்களைச் சரிபார்க்கும் விதத்தையும் சொல்லிவிட வேண்டும். ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலக் குறியீடு, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து அந்த நிறுவனத்தின் பான். ஜிஎஸ்டி தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பதிவுப் பெயரும் முகவரியும் வரும். ஆனால் வேறொரு நல்ல நிறுவனத்தின் எண்ணைத் திருடி ஒட்டியிருந்தால் அதுவும் சரியென்றே காட்டும். எனவே அங்கே நிற்காமல், பணம் போகும் வங்கிக் கணக்கு யார் பெயரில் என்று பாருங்கள். லெட்டர்ஹெட்டில் பிரைவேட் லிமிடெட், கணக்கு மட்டும் ஏதோ ஒரு தனிநபரின் சேமிப்புக் கணக்கு என்றால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் நிறுவனம் பதிவான தேதி இருக்கும். 'இருபது வருட அனுபவம்' ஏழு மாதம் முன்பு பிறந்திருப்பது அங்கே தெரிந்துவிடும். டிடி கையில் வந்து, வங்கியில் போட்டு, பணம் வரவானால்தான் பணம். போட்டோவுக்கு மதிப்பில்லை. யுபிஐ பின் எண் பணம் அனுப்பத்தான், பெறுவதற்குத் தேவையே இல்லை. திரையைப் பகிரும் செயலியை இறக்கச் சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

சரி, உண்மையிலேயே விற்பது எப்படி? பீரோவிலிருந்து ஒப்பந்தத்தை எடுங்கள். சீசன், அறை வகை, உரிமை முடியும் தேதி, பெயர் மாற்றம் பற்றிய விதி, இந்த நான்கையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒப்பந்தத்திலோ ஆண்டு பில்லிலோ அச்சிட்டிருக்கும் மின்னஞ்சலுக்கு மட்டும் எழுதுங்கள்: பெயர் மாற்றம் செய்யலாமா, கட்டணம் எவ்வளவு, என் கணக்கில் நிலுவை எவ்வளவு, பயன்படுத்தாமல் சேர்ந்துள்ள தங்கும் நாட்கள் எத்தனை, நிறுவனமே திரும்ப எடுத்துக்கொள்ளும் திட்டம் உண்டா? பதில் எழுத்தில் வேண்டும். கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை நம்பாதீர்கள். அங்கேயும் வலை விரித்திருப்பார்கள். விற்கத்தானே போகிறோம் என்று ஆண்டுக் கட்டணத்தை நிறுத்திவிடுவதும் தவறு. நிலுவை இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே நின்றுவிடும்.

வாங்க ஆள் பெரும்பாலும் பக்கத்திலேயே கிடைப்பார்: உறவினர், பழைய அலுவலக நண்பர்கள், அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு. விலை பேசியதும் டோக்கன் அட்வான்ஸ் அவரிடமிருந்து உங்களுக்கு வர வேண்டும். இருவரும் மாற்றப் படிவத்தில் கையெழுத்திட்டு, கட்டணத்தை நிறுவனத்தின் பெயரிலேயே காசோலையாகவோ வங்கி வழியாகவோ செலுத்துங்கள். எந்த ஆண்டு பில் முதல் புதியவர் பொறுப்பு என்பதை விற்பனை ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள், பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்த வரி இல்லாததால்தான். பெயர் மாறிய கடிதம் வரும் அன்று மீதிப் பணம். நிறுவனமே முரண்டு பிடித்தால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமே கிடையாது.

மோசடிக்காரரிடம் பணம் கட்டிவிட்டவர்கள் உடனே அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930. நாளை பார்த்துக்கொள்ளலாம் என்றால் பணம் இரண்டு மூன்று கணக்கு தாண்டி ஏடிஎம்மில் ரொக்கமாகிவிடும். அழைக்கும்போது பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை, எந்த வங்கியிலிருந்து எந்தக் கணக்குக்கு என்ற விவரம் கையில் இருக்கட்டும். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் முழுப் புகாரைப் பதிந்து ஒப்புகை எண்ணைக் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சியம். பணம் நடுவழியில் முடக்கப்பட்டால் திரும்பப் பெற நீதிமன்ற உத்தரவு வரை போக வேண்டியிருக்கலாம். அனுமதியில்லாமல் நடந்த பரிவர்த்தனைகளில் வாடிக்கையாளரைக் காக்கும் வகையில் ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிகளை இங்கே பெரிதாக நம்ப முடியாது, ஏனென்றால் பணத்தை அனுப்பியது நீங்களே.

சில மாதம் கழித்து இன்னொரு அழைப்பு வரும். இந்த முறை வக்கீல் அல்லது 'சைபர் செல் அதிகாரி'. கும்பல் பிடிபட்டுவிட்டது, உங்கள் பணம் கோர்ட்டில் இருக்கிறது, விடுவிக்க 15,000 கட்ட வேண்டும். அதே கும்பலின் இரண்டாம் அறுவடை இது. ஏமாந்தவர்களின் பட்டியலுக்கு விலை அதிகம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் சிலர் மெக்சிகோ கடற்கரை விடுதிகளில் டைம்ஷேர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கும் சொல்லி வையுங்கள். அங்கே இதை நடத்துவது ஹலிஸ்கோ போதைக் கும்பல் என்று 2024 ஜூலையில் அமெரிக்க நிதித்துறையும் எஃப்பிஐயும் கூட்டாக எச்சரித்தன. 2019 முதல் 2023 வரை ஏறத்தாழ 6,000 அமெரிக்கர்கள் 30 கோடி டாலர் இழந்ததாகப் புகார். 'மெக்சிகோ வரி', 'முன்கட்டணம்' என்று அதே படிக்கட்டு, மொழிதான் வேறு.

ஐரோப்பிய ஒன்றியம் 2008-ஆம் ஆண்டு உத்தரவிலேயே, டைம்ஷேர் மறுவிற்பனைக்கு உதவுகிறவர் விற்பனை நடந்து முடியும்வரை விற்பவரிடம் எந்த முன்பணமும் வாங்கக் கூடாது என்று தடை போட்டது. பிரிட்டனும் 2010 விதிகளில் அதைச் சேர்த்தது. நம் நாட்டில் டைம்ஷேருக்கெனத் தனிச் சட்டம் இல்லை. அந்த ஒற்றை விதியையாவது நுகர்வோர் விவகாரத் துறை இங்கே கொண்டுவர வேண்டும்.

சட்டம் வரும்வரை விடுதி நிறுவனங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு, அதற்குச் செலவும் இல்லை. உறுப்பினர்களுக்கு அனுப்பும் ஆண்டு பில்லில் பெயர் மாற்றக் கட்டணம் எவ்வளவு என்பதையும், மறுவிற்பனைக்கு எந்த முகவரையும் நியமித்திருக்கிறோமா இல்லையா என்பதையும் இரண்டு வரியில் தமிழிலும் அச்சிடட்டும். பில் தொகையை மட்டும் அவ்வளவு பெரிய எழுத்தில் போடத் தெரிகிறதே.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி