பேர் தெரியாத கபாசா அண்ணனுக்கு

மலாவியில் பிப்ரவரி என்றால் மழை, கூடவே மலேரியா. எங்கள் மிஷன் ஜீப் சேற்றில் புதைந்த அன்று என் மடியில் மலேரியாவுக்கான ஆர்டிசுனேட் ஊசி மருந்து. முதல் ஊசி போட்ட குழந்தைக்கு 12 மணி நேரத்தில் அடுத்ததைப் போட்டாக வேண்டும். கிளினிக்கில் இருப்பு இல்லை.

கபாசா (சைக்கிள் டாக்சிக்கு அங்கே அதுதான் பேர்) ஓட்டி வந்த நீங்கள் எதுவும் கேட்கவில்லை. கேரியரில் இருந்த கரிமூட்டையை அவிழ்த்து யார் வீட்டு வாசலிலோ இறக்கிவிட்டு என்னை ஏற்றிக்கொண்டீர்கள். மேட்டில் நீங்கள் தள்ள, நான் பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி பின்னால் நடந்தேன். கூலியும் வாங்கவில்லை. பதற்றத்தில் ஒரு நன்றிகூடச் சொல்லாமல் உள்ளே ஓடிவிட்டேன்.

குழந்தை பிழைத்துக்கொண்டது, அண்ணா. மூன்றாம் நாளே நிசிமா, அதுதான் மக்காச்சோளக் களி, கேட்டு ஒரே அழுகை. ஜெபத்தில் உங்களை 'சைக்கிள்காரர்' என்றே சொல்கிறேன். ஸிகோமோ க்வம்பிரி, மிக்க நன்றி.