பாப்பாவின் கையை நிமிர்த்தித் தந்தவர்களுக்கு

சாயல்குடிக்குத் தெற்கே, கடலோரப் பனங்காட்டை ஒட்டி எங்கள் வீடு. போன வருடம் பங்குனியில், சிரட்டையில் ஊற்றும் பதத்தில் இருந்த கருப்பட்டிப் பாகு என் 8 வயது மகளின் வலது முழங்கை மடிப்பில் கொட்டிவிட்டது. வெந்நீர் என்றால் வழிந்து ஓடிவிடும். பாகு ஒட்டிக்கொண்டே சுடும்.

பக்கத்து வீட்டு மதினி, முதல் நன்றி உங்களுக்குத்தான். மை தடவ ஓடி வந்தவர்களைத் தள்ளிவிட்டு, 20 நிமிடம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினீர்கள்.

மதுரையில் தொடையிலிருந்து மெல்லிய தோலை எடுத்து ஒட்டிய டாக்டர் ஐயா, சீட்டின் பின்பக்கம் படம் போட்டு எனக்குப் புரியவைத்தீர்கள். ஒட்டிய தோல் முதல் இரண்டு நாள் புண்ணில் ஊறும் நீரைக் குடித்துத்தான் உயிரோடு இருக்கும், அப்புறம்தான் ரத்தக் குழாய் பிடிக்கும், அதுவரை கை அசையக் கூடாது என்றீர்கள். ஐந்தாம் நாள் சிஸ்டர் சலைன் விட்டு நனைத்து நனைத்து, ஒவ்வொரு துணியாக உரித்தார். அடியில் இளஞ்சிவப்பாகத் தோல். "பிடிச்சிருச்சும்மா" என்றார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்த மூன்றாம் வாரம் கை முழுசாக நீளவில்லை. ஒட்டுத் தோல் உள்ளுக்குள் சுருங்கிக்கொண்டே வரும், மெல்லிய தோலில் சுருக்கம் இன்னும் அதிகம், தழும்பு அடங்க ஒன்றரை வருடம்கூட ஆகும் என்று சொன்னவர் பிசியோ தம்பி. "மடக்கி வச்சுத் தூங்குனா மடங்குனபடியே இறுகிரும்க்கா" என்று ராத்திரிக்குக் கட்டை வைத்துக் கட்டப் பழக்கினார். பாப்பா அழுவாள், நானும் அழுவேன், ஆனாலும் கட்டினோம். பகலில் எண்ணெய் தேய்த்து நீவுவது, குளிக்கும் நேரம் தவிர முழங்கையை மூடும் இறுக்கமான உறை. மூன்று மாதத்தில் தளர்ந்துபோகும் அந்த உறைக்கு ஒவ்வொரு முறையும் புதிதாக அளவெடுத்துக் கொடுத்தீர்கள், தம்பி.

அந்த உறையோடு நம்ம ஊர் வெயிலில் வேர்த்து அரித்தபோது ஃபேனுக்கு அடியில் இடம் கொடுத்து, எழுத முடியாத நாளில் வாயால் பதில் சொல்லவிட்ட டீச்சருக்கும் நன்றி.

14 மாதம் ஆகிறது. போன வெள்ளிக்கிழமை பாப்பா வாசலில் கோலம் போட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, கடைசிப் புள்ளியையும் தொட்டுவிட்டாள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா