மண்டபத்தோடு நின்ற பஸ்

அன்பு மகளுக்கு,

நலம், நலமறிய ஆவல். மாப்பிள்ளையையும் பேரனையும் கேட்டதாகச் சொல்.

நம்ம ஊருக்கு பஸ் எப்போது வந்தது, பாண்டியன், மருதுபாண்டியர் என்ற பஸ் கழகப் பேரெல்லாம் எப்போது போனது, விவரமாக எழுதி அனுப்புங்கள் என்று போனில் கேட்டாய். பேரனுக்கு பஸ் பைத்தியம் பிடித்துவிட்டதாக அம்மா சொல்லிச் சிரித்தாள். கண்டக்டர் வீட்டுப் பேரனுக்கு வேறென்ன பிடிக்கும்! வாட்ஸ்அப்பில் பேசியே அனுப்பியிருக்கலாம். பேச ஆரம்பித்தால் நான் ஒவ்வொரு விலக்கிலும் திரும்பிவிடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நம்ம ராமநாதபுரம் பக்கம் பஸ்ஸுக்கு முன்னாலேயே ரயில் வந்துவிட்டது தாயி. 1902-லேயே மதுரையிலிருந்து கடலோர ஊரான மண்டபம் வரை தண்டவாளம் போட்டுவிட்டார்கள். 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் ரயில் தனுஷ்கோடி வரை போனது. அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் விட ஆரம்பித்ததும் ஏறக்குறைய அதே சமயம்தான், 1912 வாக்கில். ஆனால் ரயில் போன வழி ஒரே வழி. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி, சாயல்குடி எதற்கும் ரயில் கிடையாது, இன்றைக்கும் கிடையாது. தலைமுறை தலைமுறையாகக் கடல் வாணிபம் செய்த கீழக்கரைக்காரர்கள், ரயிலேற மாட்டு வண்டி பூட்டித்தான் ராமநாதபுரம் வந்தார்கள். பஸ் வந்தது இந்த ஊர்களுக்காகத்தான். கடற்கரை ஊரிலிருந்து ஆளை ஏற்றி ஸ்டேஷனில் விடுவதுதான் அதன் முதல் வேலை.

இரண்டாம் உலக யுத்த காலத்துக் கரி பஸ்ஸைப் பற்றி உன் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். பெட்ரோல் கிடைக்காத காலம். வண்டியின் பின்பக்கம் பீப்பாய் மாதிரி ஒரு உலை. அதில் அடுப்புக்கரியைப் போட்டு, காற்றைக் குறைவாக விட்டு எரித்தால் ஒரு வாயு வரும், அதில் எஞ்சின் ஓடும். டி.வி.எஸ். கம்பெனியே அந்த கேஸ் பிளான்ட்டைச் செய்து விற்றது. காலையில் வண்டி கிளம்புவதற்கு ரொம்ப நேரம் முன்பே உலையை மூட்டி விசிற வேண்டும். பாரம் ஏறினால் இழுக்காது. நம்ம ஜில்லா தட்டைப் பூமியாக இருந்ததால் பிழைத்தோம், மேட்டுப் பூமியாக இருந்தால் பயணிகள்தான் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும் என்பார் தாத்தா. ஏறும்போது வெள்ளை வேட்டி, இறங்கும்போது கரி வேட்டியாம்.

அப்புறம் பேர் விஷயம். அந்தக் காலத்தில் எல்லாம் தனியார் வண்டிதான். எழுபதுகளின் தொடக்கத்தில் அரசாங்கம் பெரிய முதலாளிகளின் பஸ்களை எடுத்துக்கொண்டது. 1972-ல் மதுரையைத் தலைமையாக வைத்துப் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் வந்தது. சென்னைக்குப் பல்லவன், கோயம்புத்தூருக்குச் சேரன், கும்பகோணத்துக்குச் சோழன். மூவேந்தரும் வந்தாயிற்று, கூடவே பல்லவனும் என்று அப்போது வேடிக்கையாகச் சொல்வார்கள். எண்பதுகளில் பாண்டியனைப் பிரித்து, காரைக்குடியில் மருதுபாண்டியர் என்று தனிக் கழகம் ஆக்கினார்கள். நாங்கள் அதற்குள் போனோம். 1997-ல் விருதுநகர் பக்கம் ஒரு புதுக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பேர் வைத்ததை ஒட்டி தென் மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. உயிர்ச் சேதமும் ஆனது. கடைசியில் எந்தத் தலைவர் பேரும் வேண்டாம் என்று மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் எல்லாப் பேரையும் எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் என்று ஒரே பேர், பக்கத்தில் ஊர் பேர் மட்டும். நம்ம வண்டிகளில் இப்போது கும்பகோணம் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வெளியூர்க்காரர்கள், கும்பகோணம் போகுமா என்று கேட்டு ஏறுவதும் உண்டு. நம்ம ஊர்ப் பெரிசுகளுக்கு இது எதுவும் ஏறவில்லை. இன்றைக்கும் "பாண்டியன் போயிருச்சா?" என்றுதான் கேட்கிறார்கள்.

பேரனுக்கு இது போதும். உனக்கு இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நம்ம ஜில்லாவுக்கு ஒரு விசித்திரம் உண்டு. 1910-ல் இராமநாதபுரம் ஜில்லா உண்டானபோது கலெக்டர் ஆபீஸை மதுரையில் வைத்தார்கள். 1985-ல் ஜில்லாவை மூன்றாகப் பிரிக்கும் வரை அங்கேதான் இருந்தது. ஒரு பட்டா விவகாரம் என்றாலும் சரி, மனு கொடுப்பதென்றாலும் சரி, சாயல்குடிக்காரனும் தொண்டிக்காரனும் அடுத்த ஜில்லாவுக்குப் போய்த்தான் தன் ஜில்லா கலெக்டரைப் பார்க்க வேண்டும். விடியற்காலை மதுரை வண்டியில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் கையில் துணிப்பையும் அதற்குள் சுருட்டி வைத்த காகிதமும் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைக் கண்ணால் பார்த்தேன். எல்லா ரூட்டும் மதுரையையே பார்த்துப் போனதற்கு அது ஒரு பெரிய காரணம். கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நேராகப் போக வண்டி அபூர்வம். தேவிபட்டினத்திலிருந்து ஏர்வாடி தர்காவுக்கு நேர்ச்சைக்குப் போகிறவர்கள் ராமநாதபுரம் வந்து இறங்கி மாறித்தான் போனார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலை தூத்துக்குடி வரை நீண்ட பிறகுதான் தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, சாயல்குடி எல்லாம் ஒரே கோட்டில் சேர்ந்தன.

மேற்கே இப்படி என்றால் கிழக்கே போகிற பஸ் அப்போது மண்டபத்தோடு சரி. அதற்குமேல் கடல். ராமேஸ்வரம் போகிறவர்கள் மூட்டையோடு இறங்கி ரயிலுக்கு நிற்க வேண்டும். காற்று மணிக்கு 58 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் பாலத்தில் ரயிலை விட மாட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் அப்படி அடிக்கடி நடக்கும். அஸ்தி கரைக்க வந்த வடநாட்டுக் குடும்பங்கள் மண்டபத்தில் பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பாவமாக இருக்கும். ரோட்டுப் பாலத்துக்கு 1974-ல் அடிக்கல் நாட்டினார்கள். முடிய 14 வருஷம் ஆனது. 1988 அக்டோபர் 2-ஆம் தேதி ராஜீவ் காந்தி வந்து திறந்தார். அதன் பிறகு மண்டபம் என்ற பலகை கழன்று ராமேஸ்வரம் என்ற பலகை ஏறியது. முதல் சில மாதம் பாலத்தில் ஏறினதும் வண்டி முழுக்க ஒரு பக்கமாகச் சாயும். கீழே ரயில் பாலத்தைப் பார்க்க எல்லோரும் இடது பக்க ஜன்னலுக்கு வருவார்கள். "உட்காருங்கய்யா, உட்காருங்க" என்று கத்துவதே எனக்கு வேலை. மண்டபத்தில் இட்லிக் கடை வைத்திருந்தவர்களுக்குத்தான் நஷ்டம். சாப்பிட நேரமுள்ள கடைசி ஊராக இருந்தது, போகிற வழியில் ஒரு ஸ்டாப் ஆகிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை கேள். பழைய ரயில் பாலம் பலவீனமாகி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். புதுப் பாலம் திறந்தது 2025 ஏப்ரலில். நடுவில் இரண்டு வருஷத்துக்கு மேல் ரயிலில் வந்தவர்கள் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ இறங்கி பஸ் ஏறித்தான் தீவுக்குப் போனார்கள். ஒரு காலத்தில் பஸ் நின்று ரயில் போன இடத்தில் ரயில் நின்று பஸ் போனது. என் கூட வேலை பார்த்தவர்கள் டீக்கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

தீவுக்குள்ளும் இப்படித்தான் ஒரு எல்லை இருந்தது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், ஓடிக்கொண்டிருந்த ரயிலே அலையில் போனதும் நீ பாடத்தில் படித்ததுதான். ராமேஸ்வரத்திலிருந்து 3-ஆம் நம்பர் பஸ் மூன்றாம் சத்திரம் வரை போய்த் திரும்பிவிடும். அதற்கப்புறம் மணல். வேனிலோ ஜீப்பிலோ உலுக்கி எடுத்துக்கொண்டு போவார்கள். தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தார் ரோடு வந்தது 2017-ல்தான்.

பாலத்தைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். எடுக்கட்டும். என்னைக் கேட்டால் நம்ம கடற்கரையை மாற்றியது பாலம் இல்லை, நைட் ஹால்ட் பஸ். ராத்திரி கடைசி டிரிப்பாகக் கடற்கரை ஊருக்குப் போய், அங்கேயே தங்கி, விடியற்காலை முதல் டிரிப்பாகத் திரும்புகிற வண்டி. டிரைவரும் கண்டக்டரும் சீட்டிலோ பள்ளிக்கூடத் திண்ணையிலோ படுப்போம். வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தைத் தாண்டி ஒரு ஊர். அங்கே தங்குகிற நாளில் யார் வீட்டிலிருந்தாவது சோறும் மீன் குழம்பும் வந்துவிடும். கேட்டு வாங்கியதில்லை. "பஸ்காரவுகளுக்கு" என்று ஒரு தட்டு எடுத்து வைப்பது அந்த ஊர் வழக்கமாகவே இருந்தது. அந்த பஸ் வந்த பிறகுதான் அந்தப் பக்கத்துப் பெண் பிள்ளைகள் ஹைஸ்கூலுக்குப் போனார்கள். பிரசவ வலி எடுத்தவளை ராத்திரி இரண்டு மணிக்கு வந்து, "அண்ணே, வண்டிய எடுங்க" என்று எழுப்பினால் என்ன செய்வது? டிப்போவில் கேள்வி வரும்தான். டிரைவர் என் முகத்தைப் பார்ப்பார், நான் இரண்டு விசில் கொடுப்பேன்.

விடியற்காலை டிரிப்பைப் பார்த்திருக்க வேண்டும் நீ. மேலே கேரியர் முழுக்க மீன் கூடை. கரையில் பாடு வந்ததும் ஏலம் எடுத்து, பனை ஓலைக் கூடையில் ஐஸைத் தட்டிப் போட்டு, மேலே சாக்கைக் கட்டி ஏற்றுவார்கள். ஐஸ் உருக உருக மீன் தண்ணீர் ஜன்னல் வழியாகச் சொட்டும். ஜன்னலோரம் வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தவன் கதி அதோகதி. அந்தத் தண்ணீரும் உப்புக் காற்றும் சேர்ந்து வண்டித் தகட்டை அரித்துவிடும். மதுரை ரூட்டில் நன்றாக ஓடிய வண்டியைக் கடற்கரை ரூட்டில் போட்டால் கொஞ்ச நாளில் படிக்கட்டுப் பக்கம் ஓட்டை விழும், அது வழியாக ரோடு தெரியும். டிப்போவில் தகடு வைத்து ஒட்டி ஒட்டி ஓட்டினோம்.

எங்கள் கையில் மெஷின் கிடையாது. பைசாவுக்கு ஒரு நிறமாக டிக்கெட் கட்டு, நோட்டுகளை நீளவாக்கில் மடித்து விரல் இடுக்கில், பென்சில் காதில். ஒவ்வொரு ஸ்டேஜிலும் எந்த நம்பர் வரை கிழித்தோம் என்று இன்வாய்ஸில் எழுத வேண்டும், ஓடுகிற வண்டியில் நின்றபடி. இடையில் செக்கிங் ஏறிவிட்டால் மூச்சு நிற்கும். இதோடு கூடைக்கு லக்கேஜ் போடுகிற சண்டை வேறு. ஒரு அம்மா தினமும், "கூடை என் மடியிலதானய்யா இருக்கு, அதுக்கு எதுக்குச் சீட்டு? என் பேரனை மடியில வச்சிருந்தா காசு கேப்பியா?" என்பார். பதில் சொல்லத் தெரியாமல் பாதி நாள் விட்டிருக்கிறேன். இறங்கும்போது நாலு நெத்திலியை காகிதத்தில் கட்டி நீட்டுவார். நான் வாங்குவதில்லை. டிரைவர் வாங்கிக்கொள்வார்.

2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசில்லை. கழகத்துக்கு நஷ்டம் என்று இங்கே சில பேர் புலம்புகிறார்கள். அப்படி இல்லை, கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டு கொடுக்கிறார், கணக்கு பார்த்து அரசாங்கம் கழகத்துக்குப் பணம் கொடுக்கிறது. அந்த அம்மா இருந்திருந்தால் கூடைச் சண்டையை மட்டும் தொடர்ந்திருப்பார். எனக்குக் குறை வேறு. நம்ம பக்கம் தூரம் அதிகம், பல கடற்கரை ஊருக்குப் போவது புறநகர் வண்டி. அதில் இலவசம் கிடையாது. ஒரு டவுன் பஸ்ஸுக்காக ஸ்டாப்பில் ஒரு மணி நேரம் நிற்கிறார்கள். ஆளுக்கொரு டூவீலரும் ஷேர் ஆட்டோவும் வந்த பிறகு வசூல் குறைந்தது என்று நைட் ஹால்ட் வண்டிகளில் சிலவற்றை நிறுத்தியும்விட்டார்கள். வண்டி வைத்திருக்கிறவன் ஆம்பளை. கூடை வைத்திருக்கிறவளும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வயசான ஆளும்தான் பஸ்ஸை நம்பி நிற்கிறார்கள். வசூலை மட்டும் பார்த்து ரூட்டை முடிவு செய்தால் இவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

சரி, பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயே, மதுரையில் இறங்கினால் மாட்டுத்தாவணிக்கு வந்து ராமேஸ்வரம் வண்டியில் ஏறு. பேரனுக்கு இடது பக்க ஜன்னல் சீட்டு பிடித்துக் கொடு. எத்தனை மணி வண்டி என்று போன் போடு, விலக்கில் வந்து நிற்கிறேன். அம்மா வாளைக் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள், மாப்பிள்ளைக்குப் பிடிக்குமா, நெத்திலி வாங்கட்டுமா என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா