குடும்ப மருத்துவம் எடுக்கிற பிள்ளைகளைத் தடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

முதுநிலை மருத்துவக் கலந்தாய்வு வந்துவிட்டால் எல்லாப் பத்திரிகையிலும் ஒரே மாதிரி செய்திதான். ரேடியாலஜி முதலில் தீர்ந்துவிடும், தோல் மருத்துவமும் பொது மருத்துவமும் பின்னாலேயே போய்விடும். நல்ல ரேங்க் வாங்கியும் குடும்ப மருத்துவம் எடுத்த பிள்ளைகளைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. அப்படி ஒரு படிப்பு இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. என் தங்கை மகள் அதைத்தான் எடுத்திருக்கிறாள், அதனால்தான் இந்தக் கடிதம். நான் டாக்டர் இல்லை. பாலக்கோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன்.

அவள் படிப்பது டிஎன்பி என்கிற முதுநிலைப் படிப்பு, எம்பிபிஎஸ் முடித்த பிறகு மூன்று வருடம். பொது மருத்துவம், குழந்தைகள், மகப்பேறு, அறுவை சிகிச்சை, அவசரப் பிரிவு என்று எல்லாத் துறையிலும் மாறி மாறி வேலை செய்ய வேண்டும். பிரிட்டனில் ஜிபி என்கிறார்களே, கிட்டத்தட்ட அந்த வேலைக்கான படிப்பு. அங்கே எந்த நோயாக இருந்தாலும் பெரும்பாலும் முதலில் ஜிபியிடம்தான் போக வேண்டும், அவர் எழுதிக் கொடுத்தால்தான் ஸ்பெஷலிஸ்ட். அமெரிக்காவில் 1969லேயே இதைத் தனிச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டார்கள். நம் வீட்டிலோ பெரிய சண்டையே நடந்தது. "காய்ச்சல் சளிக்கு மாத்திரை எழுத எம்பிபிஎஸ் போதாதா, அதுக்கு மேல மூணு வருஷமா?" என்று தங்கை அழுதாள். அவள் கவலை எனக்கும் புரிகிறது. மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு எந்த ஸ்பெஷலிஸ்ட்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள், குடும்ப டாக்டர் என்றால் வெறும் எம்பிபிஎஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஏன் இதை எடுத்தாய் என்று நானும் கேட்டேன். சேவை அது இது என்று பேசுவாள் என எதிர்பார்த்தேன், அப்படி எதுவும் பேசவில்லை. "வார்டுல பார்த்த ஆளு டிஸ்சார்ஜ் ஆனதுக்கப்புறம் என்ன ஆனாருன்னே தெரியாது மாமா. பயிற்சிக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துல போட்டாங்கல்ல, அங்க அதே ஆளு அடுத்த மாசம் வந்து நின்னாரு, அதுக்கடுத்த மாசம் பேத்தியக் கூட்டிட்டு வந்தாரு" என்றாள். அங்கே இருந்த மருத்துவ அலுவலர் ஒரு நோயாளி உள்ளே வரும்போதே "மருமக ஊருக்கு வந்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிபி பார்ப்பாராம். மருமகள் கோபித்துக்கொண்டு போன நாளிலிருந்து அந்த அம்மாவுக்குச் சமைத்துப்போட ஆள் இல்லை, சர்க்கரை ஏறியதற்குக் காரணம் அதுதான் என்பது அவருக்குத் தெரியும். அதைப் பார்த்த பிறகு வாழ்நாள் முழுக்க ஒரே உறுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை என்கிறாள். ஐம்பது வயதிலும் நடுராத்திரி ஆபரேஷன் தியேட்டருக்கு ஓட வேண்டாம் என்பதும் ஒரு காரணம் என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டாள். சரி, அதிலென்ன தப்பு?

அவள் சொல்வது எவ்வளவு தேவையான வேலை என்பது என் கவுண்டரில் நின்றால் தெரியும். மஞ்சள் பையைக் கவிழ்த்து "இதுல எது தீந்துபோச்சோ அதக் குடுப்பா" என்கிற பெரியவர்கள் தினமும் வருகிறார்கள். ஒருவர் பையில் அம்லோடிபின் என்கிற பிபி மாத்திரை இரண்டு பிராண்டில் இருந்தது. ஒன்று தர்மபுரியில் எழுதியது, மற்றது சேலத்தில் எழுதியது. பெயரும் அட்டையின் நிறமும் வேறு என்பதால் வேறு வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மருந்துக்குக் கால் வீங்கும், அளவு கூடினால் இன்னும் வீங்கும். வீக்கத்துக்கு ஓசூரில் ஒரு டாக்டர் நீர் பிரியும் மாத்திரை எழுதிவிட்டார். ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து போகவே, புரோஸ்டேட்டாக இருக்குமோ என்று மகன் பெங்களூரில் ஸ்கேனுக்குத் தேதி வாங்கி வைத்திருந்தார். ஒரு டாக்டர்மீதும் குறை சொல்ல முடியாது. முந்தின சீட்டைக் காட்டாத நோயாளிக்கு அவரவர் கண்ணில் பட்டதற்கு அவரவர் எழுதினார்கள், மொத்தப் பையையும் கொட்டிப் பார்க்க ஒரு ஆள் இல்லை, அவ்வளவுதான். எழுதிய மாத்திரையை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை கிடையாது. எல்லாவற்றையும் ஒரே டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள் என்றேன். "எந்த டாக்டர்கிட்ட?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கென்றே ஒரு சங்கதி இருக்கிறது. தண்ணீரில் ஃபுளோரைடு. பல்லில் பழுப்புக் கறையோடு வளர்ந்தவர்கள் இங்கே ஊருக்கு ஊர் உண்டு. அது எலும்பில் ஏறினால் முதுகும் மூட்டும் விறைத்துப்போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013ல் வந்தது, நல்லது, ஆனால் அதற்கு முன் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து ஏறியது ஏறியதுதானே? அவர்கள் மூட்டுவலி என்று போனால் வலி மாத்திரை கிடைக்கிறது. வருடக்கணக்கில் அதைத் தின்றால் கிட்னி கெடும், முக்கியமாகச் சர்க்கரையும் பிபியும் உள்ளவர்களுக்கு. "எந்த ஊர், எத்தனை வருஷமா எந்தத் தண்ணி குடிச்சீங்க?" என்று கேட்கிற டாக்டர் இங்கே வேண்டும். ஊரையும் வீட்டையும் அறிந்தவருக்குத்தான் அந்தக் கேள்வி தோன்றும்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்பவர்கள் அரூர் பக்கம் சிட்டிலிங்கி போய்ப் பார்க்கலாம். ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993ல் அங்கே ஒரு குடிசையில் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார்கள். அவர் மயக்க மருந்து டாக்டர், அந்த அம்மா மகப்பேறு டாக்டர். மலைக்கிராமத்தில் அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ள முடியுமா? பாம்புக்கடியோ குழந்தைக்கு வயிற்றுப்போக்கோ, கதவைத் தட்டுகிறவருக்கு எதுவோ அதைப் பார்த்தாக வேண்டும்.

அரசாங்கம் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிபி, சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது, என் வியாபாரத்தில் கொஞ்சம் குறைந்தாலும் நல்ல திட்டம் என்றே சொல்வேன். மாத்திரை வீடு தேடி வருகிற அளவுக்கு வந்துவிட்டோம், அந்த வீட்டை முழுசாக அறிந்த டாக்டர்தான் இன்னும் வரவில்லை. குடும்ப மருத்துவப் படிப்பைப் பரவலாக்க வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கையே சொல்கிறது. பக்கத்தில் கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி இதில் எம்டி நடத்துகிறது. வேலூர் சிஎம்சியில் தனித் துறையே உண்டு.

நம் பக்கத்தில் தர்மபுரி கல்லூரி 2008லும் கிருஷ்ணகிரி கல்லூரி 2022லும் வந்தன. இரண்டிலும் இதற்கு முதுநிலை இடங்கள் வேண்டும். அதைவிட முதலில் வேண்டியது, குடும்ப மருத்துவம் என்று பலகை மாட்டிய ஓபி ஒன்று. என் தங்கை மகள் ஒரு நல்ல மருத்துவ அலுவலரைப் பார்த்ததால் இந்தப் பக்கம் வந்தாள். வேறு ஊரில் போட்டிருந்தால் அவளும் ரேடியாலஜிக்குத்தான் வரிசையில் நின்றிருப்பாள். படிக்கிற பிள்ளைகள் அந்த வேலையைக் கண்ணால் பார்ப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்து இருக்கக் கூடாது. இப்போது எம்பிபிஎஸ் மாணவர்கள் கிராமத்தில் குடும்பங்களைத் தத்தெடுத்து, அவர்கள் உடல்நிலையைக் கவனித்துவர வேண்டும் என்று விதி இருக்கிறது. நோட்டை நிரப்பிக் கையெழுத்து வாங்குவதோடு அது முடியாமல், அந்தக் குடும்பத்துக்கு மருத்துவம் பார்க்கிற டாக்டரோடு சில வாரம் உட்கார வைக்கலாம். படித்து முடித்து வருகிறவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தாலுகா மருத்துவமனைகளிலும் அந்தப் படிப்புக்கு உரிய பதவியும், மற்ற ஸ்பெஷலிஸ்டுகளுக்கு இணையான சம்பளமும் கொடுங்கள்.

தங்கை மகள் படிப்பு முடிக்க இன்னும் காலம் இருக்கிறது. ஓசூரில் ஏதாவது பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டால் போய்விடுவாளோ என்னவோ, போனாலும் கோபிக்க மாட்டேன். என் கடை மாடியில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறது, வாடகை வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். "நான் வந்தா பாதி மாத்திரைய நிறுத்திடுவேன் மாமா, உங்க கடை தாங்குமா?" என்கிறாள். தாங்கும் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மருந்துக்கடைக்காரர் ஒருவர்,
பாலக்கோடு, தர்மபுரி மாவட்டம்.